விடுமுறையில் விழுந்த ரேண்ட்

புது சிஸ்டம் எங்கள் வங்கியின் ஆபத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்டியது. எல்லோருக்கும் சந்தோஷம். ஏன் குறைந்தது என்று எனக்கு மட்டும் தெரிய வேண்டியிருந்தது.

ஆபத்து என்று நான் சொல்வது ஒரே ஓர் எண்ணை. எங்கள் வர்த்தகர்கள் கையில் இன்று இருக்கும் டாலர், தென்னாப்பிரிக்க நாணயமான ரேண்ட், அரசாங்கப் பத்திரம் எல்லாவற்றையும் சிஸ்டம் எடுத்துக்கொள்ளும். கடந்த இரண்டு வருடங்களில் போன நாட்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, நீ நாளைக்கே திரும்பி வந்தால் எங்களுக்கு எவ்வளவு போகும் என்று கேட்கும். வந்த பதில்களை மோசமானதிலிருந்து வரிசையாக அடுக்கி, உச்சியில் நிற்கும் சிலதைத் தள்ளிவிட்டு, அடுத்ததை எடுத்துக்கொள்ளும். அதுதான் எண். எண் சின்னதாக இருந்தால் வங்கி பெட்டியில் ஒதுக்கி வைக்க வேண்டிய பணம் குறைவு, வர்த்தகர்கள் கட்டும் பந்தயம் பெரிது. அதனால் எண் பெரிதானால் மாடி முழுக்க ஓடி வரும். சின்னதானால் கேக் வெட்டுவார்கள். எங்கள் மாடியில் நிஜமாகவே கேக் வெட்டினார்கள்.

நான் லிவுவானி. நாட்டின் வடகோடியில், தோஹோயாண்டோவுக்கு அப்பால் ஒரு பள்ளியில், கணக்கு வாத்தியாரே இல்லாத வருடத்தில் மெட்ரிக் கணக்கில் தேறியவள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். இதைச் சொன்னால் வங்கி இருக்கும் சாண்டனில் எல்லோரும் தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு, "எவ்வளவு தூரம் வந்திருக்க!" என்பார்கள். தினமும் டெம்பிசாவிலிருந்து டாக்சி வேனில் நாலு பேர் இருக்கும் சீட்டில் ஐந்தாவது ஆளாக நசுங்கி வருகிறேன். தூரம் எனக்குத் தெரியும்.

அந்த வருடம் வங்கி எடுத்த பட்டதாரிப் பயிற்சியாளர்களில் நானும் ஒருத்தி. நவம்பர் கடைசியோடு பயிற்சி முடிகிறது. அதற்கப்புறம் நிரந்தரமா, வீட்டுக்கா என்பதை எங்கள் டீம் தலைவர் கெர்ஹார்ட் தெரோன் எழுதிக் கொடுப்பார். அம்மா ஞாயிற்றுக்கிழமை போனில் வேறு எதையும் கேட்பதில்லை.

"கையெழுத்து போட்டுட்டாங்களா?"

"இல்லம்மா."

"வாயை மூடிட்டு இருக்கியா?"

"இருக்கேன்."

"பொய் சொல்ற. குரல்லயே தெரியுது."

பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவதற்கு முன், இரண்டையும் சில மாதங்கள் பக்கம் பக்கமாக ஓடவிட்டோம். காலையில் கூட்டம். இரண்டும் எங்கெங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கெல்லாம் யாராவது ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். காரணத்தை வாயால் சொல்ல வேண்டியதில்லை, திரையில் ஒரு மெனு உண்டு, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் சிவப்பு பச்சையாகிவிடும். விலை வந்த நேரம் வேறு. தரவு தாமதம். புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கங்கள். கடைசியாக, எல்லோருக்கும் பிடித்த ஒன்று: 'தெரிந்த வித்தியாசம்.'

ரேண்ட் சம்பந்தப்பட்ட ஒப்பீடு முழுக்க என் பொறுப்பு. அக்டோபரில் அது என் கைக்கு வந்தபோது, முந்தைய ஆள் ஒவ்வொரு நாளும் 'தெரிந்த வித்தியாசம்' என்று போட்டுவிட்டு வேறு வங்கிக்குப் போயிருந்தார். பழையதைவிடப் புதியது ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தெரிந்தது. சரி, யாருக்கு?

முதலில் கெர்ஹார்டைக் கேட்டேன். நல்ல உயரம், வாரம் முழுக்க அரைக்கை சட்டை, கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும்.

"ஆக், லிவ், அது லண்டன்ல சிஸ்டம் வித்தாங்களே, அவங்க கணக்குப் போடுற முறை வேற. அவங்களுக்குத் தெரியும்."

லண்டனுக்கு எழுதினேன். அங்கிருந்து மிக மரியாதையான பதில். எங்கள் முறையை உங்கள் சந்தை ஆபத்துத் துறை பார்த்து ஒப்புக்கொண்டுவிட்டது, அவர்களுக்குத் தெரியும்.

சந்தை ஆபத்துத் துறை எங்கள் மாடியிலேயே எதிர்மூலை. அங்கே ஒருவன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே சொன்னான்: "நாங்க ஒத்துக்கிட்டது உங்க டெவலப்பர் டீம் விளக்கம் குடுத்ததால. கெர்ஹார்டைக் கேளுங்க. அவருக்குத் தெரியும்."

என் பக்கத்து மேசை போங்கெகிலே வயிறு குலுங்கச் சிரித்தாள். குவாமாஷுக்காரி, இந்த வங்கியில் ஆறு வருடம், என்னைச் சகோதரி என்ற அர்த்தத்தில் சிசி என்றுதான் கூப்பிடுவாள். "ஹாவ், சிசி! ஒரு சுத்து சுத்தி கிளம்பின இடத்துக்கே வந்துட்டியா? இந்த மாடியில யாருக்கும் எதுவும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி இருக்கிறதுக்குத்தான் சம்பளம்."

"சிரிக்காத. டிக் நான்தான் போடணும்."

"போடு. போட்டுட்டு நிரந்தரம் ஆகு. அப்புறம் ரிட்டயர் ஆகுற வரைக்கும் இதையே யோசி, யார் வேணாங்கிறா?"

புது சிஸ்டத்துக்கு மாற நாலு பேர் டிக் போட வேண்டும். பத்திரத்துக்கு ஒருவர், பங்குகளுக்கு ஒருவர், வட்டிக்கு ஒருவர், ரேண்டுக்கு நான். மூன்று விழுந்துவிட்டன. நாலாவதற்காக கெர்ஹார்ட் என் மேசைப் பக்கம் ஒரு காரணமும் இல்லாமல் வந்து போய்க்கொண்டிருந்தார்.

எனக்கு அதில் கோபம்கூட இல்லை, நம்புங்கள். கோபம் வேறு இடங்களில் இருந்தது: என் முழுப்பெயரை ஒரு வருடமாகச் சொல்லக் கற்றுக்கொள்ளாததில், கூட்டத்தில் நான் சொன்னதையே அடுத்தவன் சொன்னதும் எல்லோரும் தலையாட்டியதில். இந்த எண் விஷயத்தில் எனக்கிருந்தது அரிப்பு. பல்லில் இறைச்சி நார் மாட்டினால் நாக்கு அங்கேயே போகுமே, அப்படி. பத்து நாளைக்கு ஒரு தரம் கூடுதல், ஒரு தரம் குறைவு என்றிருந்தால் விட்டிருப்பேன். எப்போதும் குறைவு. ஒரு நாள்கூடத் தவறிப்போய்க் கூடவில்லை. எதுவோ இல்லாமல் போயிருக்கிறது. என்ன?

வழி காட்டியது ட்ரெவர். காட்ட வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை.

ட்ரெவர் ரேண்ட் வாங்கி விற்கும் வர்த்தக மேசையின் தலைவன். வெள்ளிக்கிழமை மதியம் கீழே காப்பிக் கடையில் இளசுகளைச் சுற்றி நிறுத்திக்கொண்டு கதை சொல்வது அவன் வழக்கம். பெரும்பாலும் ஒரே கதை. போன வருடம் செப்டம்பர், பாரம்பரிய தினம், ஊரே தோட்டத்தில் நெருப்பு மூட்டி இறைச்சியும் வோர்ஸ் என்கிற சாசேஜும் வாட்டிக்கொண்டிருக்கிறது. வங்கி மூடல். அந்த நேரம் பார்த்து ஆசியாவில் எவனோ ரேண்டை அள்ளி வீசுகிறான்.

"ஒரு கையில இடுக்கி, ஒரு கையில போன், ப்ரூ. வோர்ஸ் கருகுது. மனைவி கத்துறா. நான் சிங்கப்பூர்ல எவனையோ கெஞ்சிட்டு இருக்கேன்..."

நான் காப்பிக்கு வரிசையில் நின்றிருந்தேன். எத்தனையோ தடவை காதில் விழுந்த கதை. அன்றைக்குத்தான் தோன்றியது: அவ்வளவு மோசமான நாள் என்றால் புது சிஸ்டத்தின் மோசமான நாட்கள் வரிசையில் அது முதல் நாலுக்குள் நிற்க வேண்டுமே?

காப்பியை வாங்காமலே மேலே ஏறினேன்.

முதல் நாலில் இல்லை. முதல் ஐம்பதில் இல்லை. வரிசையிலேயே இல்லை. பழைய சிஸ்டத்தில் பார்த்தேன், அதற்கு அடுத்த நாள் தேதியில், உச்சியில், பூதம் மாதிரி நிற்கிறது. வெளியிலிருந்து வாங்கும் மூல விலைகளைத் திறந்தேன். அங்கேயும் அந்தப் பாரம்பரிய தினத்து விலை இருக்கிறது. உலகம் திறந்துதானே இருந்தது, ரேண்டை யாரோ விற்றார்கள், யாரோ வாங்கினார்கள். விலை உள்ளே வருகிறது. வெளியே போகும்போது காணோம். நடுவில் எங்கேயோ அதைத் தின்றிருக்கிறோம்.

சிஸ்டத்தின் புரோகிராமைத் திறந்து விலை போகும் வழியிலேயே போனேன். ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியே வருவதை ஒவ்வொரு வரியாகப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. பிடித்திருக்கிறது என்று இந்த மாடியில் யாரிடமும் சொன்னதில்லை. கடைசியில் இரண்டு வரிகள். முதல் வரி, ஒவ்வொரு நாள் விலையிலிருந்தும் முந்தைய நாள் விலையைக் கழிக்கிறது. இரண்டாவது வரி, தென்னாப்பிரிக்க விடுமுறை நாட்களை நீக்குகிறது.

நான் ரொம்ப நேரம் அந்த இரண்டு வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் தனித்தனியே சரி. பிறகு ஒரு தாளை எடுத்து போங்கெகிலே முன் வைத்தேன்.

"புதன்கிழமை ஒரு டாலர் பதிமூணு ரேண்ட். வியாழன் லீவு, ஆனா ரேண்ட் விழுந்து பதினாலு ஆயிடுச்சு. வெள்ளி நாம திரும்ப வரோம், பதினாலு ரேண்ட் அஞ்சு சென்ட். கழி."

"வியாழனுக்கு ஒரு ரேண்ட். வெள்ளிக்கு அஞ்சு சென்ட்."

"இப்ப லீவு நாளைத் தூக்கு."

அவள் பேனாவால் வியாழனை அடித்தாள். அடித்த கை அப்படியே நின்றது.

"அஞ்சு சென்ட்தான் மிச்சம். அந்த ஒரு ரேண்ட் எங்க போச்சு?"

"அதேதான். முதல்ல லீவைத் தூக்கிட்டு அப்புறம் கழிச்சிருந்தா, வெள்ளியிலேருந்து புதனைக் கழிச்சிருப்போம். ஒரு ரேண்ட் அஞ்சு சென்ட். பழைய சிஸ்டம் அப்படித்தான் பண்ணுது. நாம வரிசையை மாத்திட்டோம்."

"எய்ஷ்! அப்போ நாம லீவு எடுத்த நாள்ல ரேண்டுக்கு நடந்தது எதுவுமே நடக்கல?"

"எதுவுமே. ஈஸ்டர், கிறிஸ்துமஸ், சுதந்திர தினம், மகளிர் தினம். நாம படுத்துத் தூங்கினா உலகமும் தூங்கிச்சுன்னு இந்த மெஷின் நினைக்குது."

லண்டனில் எழுதிய புரோகிராமாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த இரண்டு வரிகளை யார் சேர்த்தது என்று பார்த்தேன். ஜி. தெரோன். லண்டன்காரர்களுக்கு நம் விடுமுறைகள் தெரியாதே என்று பொறுப்பாக கெர்ஹார்டே உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

திங்கட்கிழமை அவர் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். தாளைக் காட்டினேன். அவர் படித்தார், முகம் மாறவில்லை, குரல் தணிந்தது.

"நம்ம கொள்கையில என்ன எழுதியிருக்கு? வேலை நாள் மட்டும்தான் கணக்கு. லீவு வேலை நாளா?"

"இல்ல."

"அப்போ? மூடியிருக்கிற சந்தையில எப்படி நஷ்டம் வரும்?"

"நம்ம கதவுதான் மூடியிருந்துச்சு. ரேண்ட் திறந்துதான் இருந்துச்சு."

"லிவ், வியாழக்கிழமை முடிவுக் கூட்டம். ஒரு வருஷம் உழைச்சிருக்கோம். இதை எழுதி வை, இரண்டாவது வெளியீட்டுல சரி பண்ணிக்கலாம். இப்போ டிக் போடு."

"எந்தக் காரணத்தோட?"

"தெரிந்த வித்தியாசம்."

"இப்பத்தான் நிஜமாவே தெரியுது. தெரிஞ்சப்புறம் எப்படி போடுறது?"

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "இந்த வாரம்தான் உன் மதிப்பீட்டையும் நான் எழுதணும்."

இதை அவர் மிரட்டலாகச் சொன்னாரா, சும்மா நினைவுபடுத்தினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. டெம்பிசாவில் என் அறை ஒருவர் வீட்டுப் பின்கட்டில் தகரக் கூரையின் கீழ் இருக்கிறது. தங்கை அடுத்த வருடம் மெட்ரிக். இந்த வேலை போனால் அடுத்து என்ன என்று யோசிக்கக்கூட எனக்கு இடம் கிடையாது. டாக்சியில் போகும்போது டிக் போடுவதாகத்தான் முடிவு செய்தேன். மறுநாள் காலை மெனுவைத் திறந்தேன். கை போகவில்லை. தைரியம் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். பதிமூன்றும் பதினாலும் தெரிந்த பிறகு ஐந்து சென்ட் என்று எழுத முடியவில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை கூட்டம். தலைமை நதீரா காசிம், சந்தை ஆபத்துத் துறையின் தலைவி. லெனேசியாக்காரர், தேநீரை வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் கொண்டுவருவார், வங்கித் தேநீரைத் தொடமாட்டார். கெர்ஹார்ட் ஒருபக்கம். வர்த்தகர்கள் சார்பில் ட்ரெவர், மேசைக்குக் கீழே போனைப் பார்த்துக்கொண்டு. என் பக்கத்தில் போங்கெகிலே.

"மூணு டிக் இருக்கு. ரேண்ட் ஏன் சிவப்பா இருக்கு?" என்றார் நதீரா.

"சின்ன விஷயம்," என்றார் கெர்ஹார்ட். "லீவு நாட்களை எப்படி எடுத்துக்கிறதுன்னு ஒரு விளக்கம். சந்தை மூடின நாள்ல ஆபத்து கிடையாது, அதனால எண்ணுல பாதிப்பு இல்ல."

நதீரா என்னைப் பார்த்தார். "நீங்கதானே பார்த்தது? என்ன சொல்றீங்க?"

தாள் கையில் இருந்தது. காட்டியிருக்கலாம். என் தாளை அந்த அறையில் எத்தனை பேர் படிப்பார்கள் என்று எனக்கு ஒரு வருட அனுபவம். நான் திரும்பினேன்.

"ட்ரெவர், உங்க பாரம்பரிய தினத்துக் கதையைச் சொல்லுங்களேன்."

"இப்பவா?" அவன் முகம் மலர்ந்தது. போன் பாக்கெட்டுக்குள் போனது. "நதீரா, நீங்க கேட்டதில்லையே? ஒரு கையில இடுக்கி, ஒரு கையில போன். வோர்ஸ் கருகுது..."

அவன் சொன்னான். நன்றாகவே சொல்வான், மறுக்க மாட்டேன். சிங்கப்பூர்காரன் குரலில் பேசிக் காட்டினான். மனைவியின் குரலில் கத்திக் காட்டினான்.

"இறைச்சி வேகறதுக்குள்ள நாப்பது மில்லியன் ரேண்ட் போச்சு! நாப்பது! சாயங்காலம் ஆனப்புறம்தான் பாதியாவது திருப்பி எடுத்தேன். என் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு நாள் கிடையாது."

நதீரா பிளாஸ்க் மூடியை மெதுவாகத் திருகினார். "நாம மூடியிருந்த நாள்ல."

"மூடித்தான் இருந்தோம், அதானே கதையே..." ட்ரெவர் நிறுத்தினான். கெர்ஹார்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"புது சிஸ்டத்துல அந்த நாள் இல்ல," என்றேன்.

"இல்லைன்னா?"

"அது நடக்கவே இல்ல. நீங்க நிம்மதியா இறைச்சி சாப்பிட்டீங்க."

தன் எண் சின்னதாக இருப்பதுதான் அவனுக்கு லாபம். அந்த நொடியில் வாயை மூடியிருந்தால் போதும். அவனால் முடியவில்லை.

"என் நாளைத் தூக்கிட்டீங்களா? யாரு தூக்கினது? கெர்ஹார்ட், நீயும் அன்னைக்கு என் தோட்டத்துலதானேப்பா இருந்த! கருகின வோர்ஸைத் தின்னதே நீதான்!"

யாரும் சிரிக்கவில்லை. போங்கெகிலே மட்டும் இருமினாள், அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும். கெர்ஹார்டின் கழுத்து சிவந்து, சிவப்பு காது வரை ஏறியது. அவர் பொய் சொல்லவில்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது. அவருக்குள், அந்தத் தோட்டத்தில் நின்ற மனிதரும் அந்த இரண்டு வரிகளை எழுதிய மனிதரும் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை.

"தாளைக் குடுங்க," என்று கை நீட்டினார் நதீரா. படித்தார். ஒரே தடவை. "மாத்தி ஓட்டிக் காட்டுங்க. அதுவரைக்கும் பழைய சிஸ்டம்தான்."

வரிசையை மாற்றி ஓட்டினோம். எண் ஏறியது. சின்ன எண்ணை நம்பி முன்கூட்டியே பெரிதாக்கியிருந்த பந்தயங்களில் ஒரு பகுதியை ட்ரெவர் குறைக்க வேண்டி வந்தது. லிஃப்டில் என்னைப் பார்த்ததும், "என்னையே எனக்கு எதிரா சாட்சி சொல்ல வச்சுட்டியே, மகராசி," என்றான். கோபமா, மெச்சினானா தெரியவில்லை. கதையை மட்டும் அவன் விடவில்லை. இப்போது அதில் நானும் வருகிறேன்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கெர்ஹார்ட் கூப்பிட்டார். வீட்டுக்குத்தான் என்று நினைத்துப் பையை எடுத்துக்கொண்டே போனேன். மேசையில் ஒப்பந்தம் இருந்தது. நிரந்தரம்.

"ஏன்?" என்றேன். நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

"அரசாங்க மேற்பார்வைக்காரங்க மார்ச்சுல வங்கியைச் சோதிக்க வராங்க. மாற்றம் ஏன் தள்ளிப்போச்சுன்னு கேப்பாங்க. கண்டுபிடிச்சது யாருன்னு கேப்பாங்க. 'ஒரு பயிற்சிக்காரப் பொண்ணு, அவளை நவம்பர்லயே அனுப்பிட்டோம்'னு சொன்னா எப்படி இருக்கும்?"

"அப்போ என் வேலைக்காக இல்ல."

"ஆக், லிவ். கையெழுத்து போடு."

"லிவுவானி. உங்க முன்னாடி இருக்கிற தாள்ல முழுசா அடிச்சிருக்கு, படிச்சுப் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். "லி-வு-வா-னி," என்றார், மாடிப்படி இறங்குகிறவர் மாதிரி. நான் கையெழுத்துப் போட்டேன். மனம் நிறையவில்லை. பொட்டலம் கட்டிப் பத்திரப்படுத்திய சாட்சி மாதிரி இருந்தது. அம்மாவிடம் சொன்னபோது அவள் போனிலேயே குலவையிட்டாள், பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிடுவது கேட்டது. சாட்சி விவரத்தை நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை கூட்டத்தில் திரையைத் திறந்தேன். ரேண்ட் மறுபடி சிவப்பு. இந்தத் தடவை புது எண் பழையதைவிடக் கொஞ்சம் அதிகம். விடுமுறை இல்லாத நாட்களையும் சரிபார்த்தேன். அங்கேயும் அதிகம், எப்போதும் அதிகம், ஒரு நாள்கூடக் குறையவில்லை. புதியதில் பிழை தேடினேன், அகப்படவில்லை. அப்படியானால் பழையது. நான் பள்ளிக்கூடம் போகும் முன்பே எழுதப்பட்ட, வங்கி இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருக்கும் பழையது.

"பச்சையாக்கு, சிசி," என்று போங்கெகிலே கிசுகிசுத்தாள். "அதான் நிரந்தரம் ஆயிட்டியே."

"அதனாலதான்," என்றேன்.

மார்ச் வரைக்கும் இந்த வங்கி என்னை வெளியே அனுப்ப முடியாது. அதைக் கெர்ஹார்டே தன் வாயால் சொல்லிவிட்டார். பழைய சிஸ்டத்தின் புரோகிராமைக் கேட்டு ஒரு வரி எழுதி, நதீராவுக்கும் ஒரு நகல் சேர்த்து, கெர்ஹார்டுக்கு அனுப்பினேன். அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் அதைத் திறந்து படிப்பதையும், இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொள்வதையும், பிறகு எழுந்து என் மேசையை நோக்கி வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.